கொஞ்சம் கிள்ளிக்கலாமா?

உங்கள் கன்னத்தை யாராவது கடைசியாகக் கிள்ளியது எப்போது? ஞாபகம் இருக்காது. ஆனால், அஞ்சு வயசில் கிள்ளிய ஆள் யாரென்று நிச்சயம் ஞாபகம் இருக்கும். எனக்கு ஒரு பெரியம்மா. ஊரிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசலிலேயே என்னை நிறுத்தி, ரெண்டு கன்னத்தையும் பற்றி, “என் பட்டு... என் தங்கம்...” என்று இழுப்பார். விட்ட பிறகும் ரெண்டு நிமிஷம் எரியும். அந்தப் பையில் கைமுறுக்கு இருக்கும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். இப்போது நினைத்தால், அது ஒருவகை டோல்கேட் கட்டணம்!

நம்ம ஊரில் குழந்தையைக் கொஞ்சுவதற்குத்தான் எத்தனை தினுசு! முகத்தை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரலை மடக்கிச் சொடுக்குவார்கள். எத்தனை சொடுக்கு விழுகிறதோ, அத்தனை கண் பட்டிருக்கிறது என்று கணக்கு. தாடையைத் தொட்டுவிட்டுத் தன் விரலையே முத்தமிட்டுக்கொள்வது இன்னொன்று. குழந்தைக்கு எச்சில் படாத சுகாதார முத்தம். உச்சி முகர்வது, உப்புமூட்டை தூக்குவது, முதுகில் யானை சவாரி... முழங்கையால் உள்ளங்கையில் பருப்பு கடைந்து, ஆளுக்கொரு பங்கு கொடுத்து, கடைசியில் விரலை நண்டாக்கி அக்குள் வரை ஊரவிடும் விளையாட்டு இருக்கிறதே... நண்டு முழங்கை தாண்டும் முன்பே குழந்தை சிரிக்க ஆரம்பித்துவிடும். தொடுவதற்கு முன்பே வருகிற சிரிப்பு அது!

அப்புறம், காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை அதன்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டிகள். (மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை மட்டும் டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். பாட்டியிடம் நீங்களே சொல்லிப் பாருங்கள்!)

இதெல்லாம் செல்லம் கொடுத்துக் கெடுக்கிற வேலை என்று நினைத்தவர்களும் உண்டு. ஜான் வாட்சன் என்ற அமெரிக்க உளவியல்காரர் 1928-ல் குழந்தை வளர்ப்புக்கு ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்காதே, முத்தம் கொடுக்காதே, மடியில் வைத்துக்கொள்ளாதே என்றார். முடியவே முடியாவிட்டால், தூங்கப்போகும்போது நெற்றியில் ஒரே ஒரு முத்தம். காலையில் எழுந்ததும் கைகுலுக்கல். பெற்ற பிள்ளையோடு கைகுலுக்கி, “குட்மார்னிங் சார்” சொல்லச் சொல்கிறார் மனுஷன்!

முப்பது வருஷம் கழித்து, அதே அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ பதில் சொன்னார். தாயிடமிருந்து பிரித்த குரங்குக் குட்டிகளுக்கு ரெண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று கம்பித் தாய், அதில் பால் வரும். இன்னொன்று மெத்தென்ற துணி சுற்றிய தாய், பால் கிடையாது. குட்டிகள் பசித்தபோது மட்டும் கம்பியிடம் போய்க் குடித்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் துணியைக் கட்டிக்கொண்டு கிடந்தன. படிக்கவே சங்கடமான சோதனைதான். ஆனால், பாலைவிடப் பெரிய பசி ஒன்று இருக்கிறது என்று தெரிந்துபோனது.

குறைமாதக் குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் அணைத்துப்போடும் ‘கங்காரு முறை’ 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த கையோடு இப்படி அணைத்துக்கொண்டபோது, இறப்பு ஆபத்து 25 சதவிகிதம் குறைந்திருந்தது. மருந்தில்லை, மாத்திரையில்லை. அம்மாவின் தோல்!

ஆக, கொஞ்சாதீர்கள் என்று சொல்ல எனக்குப் பைத்தியமா? என் சிக்கல் வேறு.

போன வருஷம் ஒரு கல்யாண மண்டபம். நாலு வயசுப் பெண் குழந்தை, பட்டுப்பாவாடை கசகசக்க நின்றுகொண்டிருந்தது. யாரோ ஒரு மாமா குனிந்து கன்னத்தை நீட்டுகிறார். “மாமாவுக்கு ஒரு உம்மா குடு” என்கிறாள் அம்மா. குழந்தை அம்மாவின் புடவைக்குள் ஒளிகிறது. “குடுடா செல்லம், மாமா கோச்சுக்குவார்ல.” மாட்டேனென்று தலை ஆடுகிறது. அப்பா வந்தார், தூக்கினார், கொண்டுபோய் அவர் கன்னத்தில் குழந்தையின் முகத்தை ஒட்டவைத்தார். சுற்றியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். குழந்தை கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டது.

அந்த மாமா நல்லவர்தான். எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால், அந்தக் குழந்தை அன்று என்ன கற்றுக்கொண்டது? பெரியவர்கள் கேட்டால், பிடிக்காவிட்டாலும் உடம்பைக் கொடுத்துவிட வேண்டும் என்பதைத்தானே? மத்திய அரசு 13 மாநிலங்களில் எடுத்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள். 2012-ல் போக்சோ சட்டம் வந்தது. பள்ளிக்கூடத்தில் ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ சொல்லிக்கொடுக்கிறார்கள். “பிடிக்கலைன்னா ‘நோ’ சொல்லு” என்கிறார் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்ததும் அந்த ‘நோ’வை நாமே பிடுங்கிக்கொள்கிறோம்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். பச்சைக் குழந்தையை உதட்டோடு முத்தமிடாதீர்கள். நமக்கு வெறும் சளியாகவும் வாய்ப்புண்ணாகவும் இருக்கிற கிருமி, அதற்கு உயிராபத்து. ரெண்டு கையையும் பிடித்து ஊஞ்சல் ஆட்டினால் முழங்கை மூட்டு நழுவும். மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கும் அப்பாக்களே... மின்விசிறியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

வள்ளுவரைக் கவனித்தீர்களா? குழந்தை தொடுவது பெற்றவர் உடம்புக்கு இன்பம் என்கிறார். நாம் கொஞ்சுவது பாதிக்கு மேல் நமக்காகத்தான். அதில் தப்பில்லை, தெரிந்திருந்தால் சரி. பிள்ளைத்தமிழில் முத்தப் பருவம் என்று ஒன்று உண்டு. பத்துப் பருவங்களில் ஐந்தாவது. அங்கே பெரும் புலவர்கள் எல்லாம் என்ன செய்கிறார்கள்? முத்தைவிட, பவளத்தைவிட உன் முத்தம் உசத்தி என்று ஐஸ் வைத்து, பாட்டுக்குப் பாட்டு குழந்தையிடம் முத்தம் ‘கேட்கிறார்கள்’. தூக்கிப் பிடித்து எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிற ஒரு பாட்டிக்கு எந்தப் புலவரும் சொல்லித்தரவில்லை. எதிர்வீட்டுப் பொடியன் லிஃப்ட்டுக்குக் காத்திருந்தபோது, வாசலில் நின்றபடியே கேட்டார்.

“ஒரு முத்தா தர்றியாடா கண்ணா?”

அவன் பலமாக யோசித்தான். “இன்னிக்கு வேண்டாம். நாளைக்கு.”

“சரி, நாளைக்கு.”

மறுநாள் நான் பேப்பர் எடுக்க வந்தபோது, காலை ஆறரை மணி இருக்கும். பாட்டி தலைவாரி, பொட்டு வைத்து, கதவைத் திறந்து வைத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “இன்னும் எழுந்திரிச்சிருக்க மாட்டான்” என்றார் என்னிடம்.