27 வருடக் கணக்கு

"இன்னும் அந்தக் கணக்கு முடியலையாடா?" ஈப்போவிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் அம்மா கேட்பார். முதுகலை உதவித்தொகை முடிய இரண்டு மாதம்தான் இருந்தது.

கணக்கு இதுதான். டிரிப்சின் என்ற செரிமானப் புரதத்தின் பொந்துக்குள் பென்சமிடின் என்ற சிறு மூலக்கூறு ஒட்டிக்கொள்ளும். அது எப்படி வெளியே வருகிறது? நிஜத்தில் ஒன்றிரண்டு மில்லிசெக்கன்டில் வந்துவிடும். ஆனால், சிமுலேஷனில் ஓர் அடி என்பதே 2 ஃபெம்டோசெக்கன்ட். ஒரு மில்லிசெக்கன்டுக்கு 50,000 கோடி அடிகள். நாளுக்கு 100 நானோசெக்கன்ட் ஓடினாலும் 27 வருடம். கிட்டத்தட்ட என் வயசு!

அதனால்தான் மெட்டாடைனமிக்ஸ். 2002-இல் லயோவும் பாரினெல்லோவும் காட்டிய வழி. மூலக்கூறு சிக்கியிருக்கும் ஆற்றல் பள்ளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மண் கொட்டுவது, எங்கள் ஊர் ஈயக்குட்டையைத் தூர்ப்பது மாதிரி. பள்ளம் நிரம்பினால் அது வெளியே வந்துதானே ஆகணும்.

முதல் நாள் குதிரையாக ஓடியது ஒரே வாரத்தில் ஆமையானது. இரண்டு ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பிடிபட்டது. அதுவரை கொட்டிய அத்தனை மண்குவியலையும் நிரல் ஒவ்வோர் அடியிலும் முதலிலிருந்து கூட்டிக்கொண்டிருந்தது. கூட்டிய தொகையைக் கட்டம் போட்ட அட்டவணையில் சேமிக்கச் சொன்னேன். வேகம் திரும்பியது. இன்னொன்றும் இருந்தது. பென்சமிடினுக்கும் பொந்துக்கும் இடையிலான தொடுகைகளை எண்ணும் வேலை சிபியுவில் நடக்க, விலை உயர்ந்த ஜிபியு சும்மா காத்துக் கிடந்தது. பக்கத்தில் இருக்கும் அணுக்களை மட்டும் எண்ணும்படி மாற்றினேன். மூன்று மடங்கு வேகம்! குழுக் கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"வெளியே போனது திரும்பி உள்ளே வந்ததா?" என்று மட்டும் கேட்டார் மேற்பார்வையாளர்.

வரவில்லை. போக்கும் வரவும் பலமுறை நடந்தால்தான் கிடைக்கும் ஆற்றல் எண்ணை நம்ப முடியும். என்னிடம் இருந்தது ஒரே ஒரு போக்கு. பொந்துக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் இருக்கின்றன. அவை விலகி இடம் விடாமல் பென்சமிடின் நுழையாது. பென்சமிடின் எவ்வளவு நேரம் தங்கும் என்பதில் தண்ணீருக்குப் பங்கு உண்டு என்று பாரினெல்லோவின் குழு 2022-இல் எழுதிய கட்டுரையே இருக்கிறது. நான்தான் படிக்கவில்லை, வேகத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன். தண்ணீரை எண்ணாமல் இரண்டு மாதத்தில் பாதியைத் தின்றுவிட்டேன்.

இப்போது தண்ணீரையும் எண்ணுகிறேன். அது தனிச் செலவு. சம்பாதித்த வேகத்தில் பாதி போய்விட்டது. வலித்தது, ஒத்துக்கொள்கிறேன்.

நேற்று விடியற்காலையில் பென்சமிடின் முதன்முறையாகத் திரும்பி உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் போன்.

"இன்னும் முடியலம்மா," என்றேன்.