அப்பா போட்ட கையெழுத்து

போன மாதம் அக்கா மகள் ஒரு கோப்புடன் வீட்டுக்கு வந்தாள். தனியார் கல்லூரியில் கணக்கியல் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பி வைத்துவிட்டு, "மாமா, பெம்பியாயான்னா பந்துவான்தானே? அரசாங்கம் சும்மா கொடுக்கிறதுதானே?" என்று கேட்டாள்.

உடனே பதில் சொல்ல முடியவில்லை. 2009ஆம் ஆண்டில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்போது எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முதல் ஆள் நான். அப்பா லாரி ஓட்டுநர். பேராக்கில் ஒரு மலிவு விலை வீடு. பிடிபிடிஎன் விண்ணப்பம் கிடைத்ததும் பாரங்களைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, நான் விரல் வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். அதில் ஓர் இடத்தில் 'பெஞ்சாமின்' என்று இருந்தது. அது என்னவென்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

படித்து முடித்துக் கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று முறை வீடு மாறினேன். கடிதங்கள் எல்லாம் ஊர் முகவரிக்கே போயின. அம்மா தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம், "எடுத்து வைம்மா, அப்புறம் பார்க்கிறேன்" என்பேன். யார்தான் கட்டுகிறார்கள் என்று நண்பர்கள் சொன்னதையும் நம்பினேன். கார் தவணையை மட்டும் ஒரு மாதமும் தவறவிடவில்லை.

ஒரு நாள் இரவு அப்பாவே அழைத்தார். "தம்பி, இது உன் பேருக்கு வந்த கடுதாசி இல்லப்பா. என் பேருக்கு வந்திருக்கு. வீட்டை எடுத்துக்குவாங்களா?"

இருபது ஆண்டுகள் தவணை கட்டி முடித்த வீடு அது. இரண்டு இரவுகள் அவர் தூங்கவில்லை என்று அம்மா பிறகு சொன்னார். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு முகப்பிடத்துக்குப் போனேன். நான் கையெழுத்திட்ட சொற்களின் பொருளை அன்றுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன்.

அதை எல்லாம் மருமகளுக்குச் சொன்னேன்.

"பியாசிஸ்வா என்றால் உபகாரச் சம்பளம். பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்; ஆனால் அதுவும் ஒப்பந்தம்தான். தேர்ச்சி குறைந்தாலோ, சொன்ன இடத்தில் சொன்ன ஆண்டுகள் வேலை செய்யாவிட்டாலோ பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிஞ்சாமான் போலே ஊபா என்பது கடனாகத் தொடங்குவது. நிபந்தனைகளை நிறைவேற்றினால் ஒரு பகுதியோ முழுவதுமோ உபகாரச் சம்பளமாக மாறலாம். பெம்பியாயான் என்றால் நிதியளிப்பு. பேர் எப்படி இருந்தாலும் நீ திருப்பிக் கட்ட வேண்டிய பணம். பந்துவான் இல்லை."

"ஊஜ்ரா?"

"அது சேவைக் கட்டணம். 2008ஆம் ஆண்டிலிருந்து பிடிபிடிஎன் கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு. ஆனால் முழுக் கடன் தொகைக்கும் கணக்குப் போடுவார்கள். நீ கட்டக் கட்டக் குறையும் மிச்சத்துக்கு இல்லை."

ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினேன். 30,000 வெள்ளிக் கடன். ஆண்டுக்கு 300 வெள்ளி ஊஜ்ரா. 15 ஆண்டுகளுக்கு 4,500 வெள்ளி. மொத்தம் 34,500. அதை 180 மாதங்களால் வகுத்தால் மாதம் ஏறக்குறைய 192 வெள்ளி.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான். ஆனால் இதை நான் ஐந்து ஆண்டுகள் கட்டவில்லை. அப்போது அது துங்காக்கான், அதாவது நிலுவை. 192 வெள்ளியை அறுபது மாதத்தால் பெருக்கிப் பார்."

அவள் கைப்பேசியில் பெருக்கினாள். 11,520. பேசாமல் இருந்தாள்.

படிப்பு முடிந்து 12 மாதங்களுக்குப் பிறகு தவணை தொடங்கும் என்றேன். வேலை கிடைக்காவிட்டாலோ சம்பளம் போதாவிட்டாலோ ஒளிந்துகொள்ளக் கூடாது. நேரில் போய் 'பெஞ்சாடுவாலான் செமுலா' கேட்கலாம், தவணையை மாற்றி அமைத்துத் தருவார்கள். நான் பயந்துகொண்டு போன அன்று முகப்பிடத்தில் இருந்த அம்மையார் என்னைத் திட்டவே இல்லை. மாதம் எவ்வளவு முடியும் என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பயந்தா ஐந்து ஆண்டுகள் ஓடினோம் என்று வெட்கமாகிவிட்டது.

இன்னும் இரண்டு விஷயங்களையும் சொன்னேன். கடன் பணம் பதிவு நாளிலேயே கைக்கு வராது. கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் பருவத்துக்குப் பருவம் வரும். பதிவுக் கட்டணம், தங்கும் விடுதி முன்பணம், முதல் மாதச் சாப்பாடு ஆகியவற்றுக்குக் கையில் தனியாகப் பணம் வேண்டும். அடுத்தது, இளங்கலையில் முதல் வகுப்பில் தேறுகிறவர்கள் நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். அது தானாக நடக்காது, நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

"சரி மாமா, பெஞ்சாமின்?"

"உத்தரவாதம் கொடுப்பவர். நீ கட்டாவிட்டால் உனக்குப் பதிலாகக் கட்ட வேண்டியவர். எந்தக் கடனாக இருந்தாலும், உபகாரச் சம்பளமாகவே இருந்தாலும், அந்தச் சொல் எந்தத் தாளில் வந்தாலும் உங்க அம்மாவிடம் சும்மா நீட்டாதே. முதலில் தமிழில் படித்துச் சொல். அவள் சரி என்றால் மட்டும் கையெழுத்து வாங்கு."

என் கடன் போன ஆண்டுதான் முடிந்தது. முடிந்ததற்கான கடிதத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் அப்பாவிடம் கொடுத்தேன். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. கடிதத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "என் பேரும் போயிருச்சா தம்பி?"

போயிருச்சுப்பா என்றேன்.

மருமகள் அன்று போகும்போது கோப்பின் அட்டையில் பென்சிலால் 192 என்று எழுதி வட்டம் போட்டிருந்தாள். மறுநாள் காலையில் அக்கா அழைத்தாள். "என்னடா, பிள்ளை ராத்திரி பதினோரு மணி வரைக்கும் என்னை உட்கார வச்சு ஒவ்வொரு தாளா படிச்சுக் காட்டுறா?" என்று அலுத்துக்கொண்டாள்.