மூச்சும் துடிப்பும்

மார்புக்குள் எது பெரிது, மூச்சா, இதயத்துடிப்பா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மருத்துவர்கள் கட்சி கட்டி வாதாடிய காலம் ஒன்று உண்டு. அந்த வழக்குக்குக் களமாக இருந்தது ஹைதராபாத்.

அறுவை சிகிச்சைக்குக் குளோரோபாரம் கொடுத்து மயக்கிய நாட்கள் அவை. மயக்கத்திலேயே சிலர் இறந்துபோனார்கள். முதலில் நின்றது எது என்பதில்தான் சண்டை. அங்கிருந்த பிரிட்டிஷ் ரெசிடென்சியின் சர்ஜன் எட்வர்ட் லாரி, மூச்சுதான் என்று அடித்துச் சொன்னார். ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் ஆதரவில் 1888-இல் ஒரு குழு ஆராய்ந்து அதையே சொன்னது. லண்டன் 'லான்செட்' மருத்துவ இதழ் ஏற்கவில்லை. நிஜாம் 1,000 பவுண்டு கொடுத்து, அந்த இதழின் சார்பிலேயே ஒருவரை வரவழைத்தார். 1889-இல் வந்த லாடர் பிரண்டனும் சோதனைகளைப் பார்த்துவிட்டு லாரியின் பக்கம் சேர்ந்தார். மயக்க மருந்து கொடுப்பவர் நாடி பிடிக்க வேண்டாம், கண் மூச்சின் மேலேயே இருக்கட்டும் என்பது லாரியின் பாடம்.

அது பாதி உண்மை. மயக்கம் லேசாக இருக்கும்போதே இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடித்து, உயிர் சட்டென்று போய்விடலாம் என்று 1911-இல் குட்மன் லெவி என்ற மருத்துவர் காட்டினார். மூச்சை மட்டும் பார்த்திருந்தவருக்கு அந்த ஆபத்து முன்கூட்டித் தெரிய வழியில்லை.

மார்பின் அமைப்பைப் பார்த்தால் இந்தப் பிரிவினையே பொருந்தாது. பின்னால் 12 முதுகெலும்புகள், இருபுறமும் சேர்த்து 12 ஜோடி விலா எலும்புகள், முன்னால் மார்பெலும்பு, அடியில் உதரவிதானம். அதற்குள் ஒண்டுக்குடித்தனம். இதயம் இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் இடது நுரையீரல் ஒதுங்கி இடம் விடுகிறது. வலதுக்கு மூன்று மடல்கள், இடதுக்கு இரண்டுதான். அதன் ஓரத்திலும் இதயத்துக்காக ஒரு பள்ளம். இதய உறை உதரவிதானத்தோடு ஒட்டியிருக்கிறது. நாம் ஆழமாக மூச்சிழுத்தால் இதயமும் கூடவே கீழிறங்கும். இதயத்தின் இடப்பக்கம் தளர்ந்தால், ரத்தம் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும்.

லாரி திறமைசாலி, உழைப்பாளி. ஆனால் தான் கண்ட பாதியையே முழுமை என்று பிடித்துக்கொண்டார். குடும்பத்திலும் நாம் இதைத்தான் செய்கிறோம். வீட்டில் ஒருவர் வாடினால் ஒரே ஒரு காரணத்தை முடிவு செய்துகொண்டு, அதற்கு மட்டும் வைத்தியம் தேடுகிறோம். கூடவே இருப்பவரின் சிரமம் இவரிடம் வெளிப்படலாம் என்று நினைப்பதில்லை.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். மாடிப்படி ஏறும்போது முன்பு வராத மூச்சிரைப்பு வருகிறதா? படுத்தால் மூச்சு முட்டி, தலையணையை உயர்த்த வேண்டியிருக்கிறதா? கால் வீங்குகிறதா? "வயசாச்சு, அவ்வளவுதான்" என்று தள்ளிவிடாதீர்கள். குறை நுரையீரலில் இருக்கலாம், இதயத்தில் இருக்கலாம், வேறெங்காவது இருக்கலாம். இந்த வாரமே மருத்துவரிடம் போய், இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.