அறுபது ஓம்

எங்க ஊர் எமரால்டு. அணையைப் பார்க்க வர்றவங்களுக்கு அது டூரிஸ்ட் ஸ்பாட். எங்க அப்பாவுக்கு அது சவாரி. அவர் ஓட்டுற வாடகைக் கார்தான் என் செமஸ்டர் பீஸ்.

போன டிசம்பர் லீவுக்குப் போனப்போ கார் வாசலில் நின்றிருந்தது. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரியும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. சில நாள் தானாகவே சரியாகிவிடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, "ஈசியூ போயிருக்கும், மாத்திடலாம்" என்று 40 ஆயிரம் சொல்லியிருந்தார்கள். அம்மா செயினைக் கழற்றி பீரோவில் தனியா எடுத்து வெச்சிருந்தாங்க.

"நீ படிக்கிறதுல இதெல்லாம் வருமா கண்ணு?" அப்பா கேட்டார்.

வரும்னு சொல்லிட்டேன். பாதி பொய். கேன் பஸ் பற்றி 16 மார்க் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கேன். 1986-ல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது என்பது வரை மனப்பாடம். ஒரு காரில் அந்தக் கம்பியைக் கண்ணால் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். முறுக்கிவிட்ட ரெண்டு கம்பி, ஹை, லோ. இன்ஜின், ஏபிஎஸ், டேஷ்போர்டு எல்லாம் அதுலதான் பேசிக்கும். ரெண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர். பேரலலில் 60 ஓம். கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிட்டா கிட்டத்தட்ட பூஜ்யம். ஒரு முனை அறுந்திருந்தா 120.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட். அதில் 6-வது பின்னிலும் 14-வது பின்னிலும் மல்டிமீட்டரை வெச்சேன். எண் தாறுமாறா ஓடுச்சு. பேட்டரியைக் கழற்றாம ஓம் அளந்திருக்கேன்! முதல் வருஷ லேப்ல திட்டு வாங்கின அதே தப்பு. அப்பா ஒண்ணும் சொல்லல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி வெச்சேன். 0.4 ஓம். ஷார்ட்!

ஆனா எங்கே? ஏதாவது ஒரு பெட்டிக்கு உள்ளேயா, கம்பியிலேயா? மஞ்சள் கனெக்டரைத் தொடவில்லை, அது ஏர்பேக். மற்றதை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு தடவையும் மீட்டரைப் பார்த்தேன். ஏபிஎஸ் கழற்றினேன், 0.4. டேஷ்போர்டு, 0.4. கடைசியில் 40 ஆயிரம் ரூபாய் ஈசியூவையே கழற்றினேன். அப்பவும் 0.4.

அப்போ ஈசியூ குற்றவாளி இல்லை! கம்பிதான்.

எல்லாத்தையும் திரும்ப மாட்டிட்டு, "நான் அசைக்கிறேன், நீங்க மீட்டரைப் பாருங்கப்பா" என்றேன். பானெட்டுக்குள் கம்பிக் கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாப் பிடிச்சு ஆட்டினேன். பேட்டரிக்குப் பின்னால் அது வளையுற இடத்தைத் தூக்கினதும் அப்பா கத்தினார்: "அறுபது!"

டேப்பைப் பிரிச்சா, ரெண்டு கம்பியிலும் பல் பதிஞ்சிருந்தது. டிசம்பர் குளிருக்கு, ஓடி நின்ன வண்டியோட சூட்டுல எலி வந்து படுத்திருக்கு.

பஜாரில் டிவி ரிப்பேர் பண்ற அண்ணாகிட்ட சால்டரிங் அயர்ன் வாங்கிட்டு வந்து, பத்த வெச்சு, தனித்தனியா ஸ்லீவ் போட்டு, பழையபடி முறுக்கிவிட்டேன். சாவியைத் திருப்பினதும் வண்டி ஸ்டார்ட் ஆச்சு.

ஸ்கேனர் 'பேச்சு நின்னுபோச்சு'ன்னு மட்டும்தான் சொல்லும். எங்கே நின்னுச்சுன்னு நாமதான் ஒவ்வொன்றாக் கழிச்சுப் பார்க்கணும். ஒரு பார்ட்டை மாத்துறதுக்கு முன்னாடி, அது இல்லாமலும் கோளாறு இருக்கான்னு பார்த்துடுங்க.

அம்மா செயினை எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. அப்பா மட்டும் இன்னும் ஒரு கேள்வி கேட்டார்: "சரி கண்ணு, எலிக்கு என்ன பண்றது?"

அது சிலபஸ்ல இல்லப்பா.