வால் சுருட்டிய எழுத்து

புதன்கிழமை காலை வண்டியை நிறுத்தக்கூட விடவில்லை, இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒருத்தி உள்ளங்கையில் விழுந்த பல்லை வைத்திருந்தாள். சாணியில் பொதிந்து கூரைமேல் எறிய வேண்டும். பள்ளிக்கூடம் கான்கிரீட் கட்டடமாயிற்றே, இங்கே எறிந்தால் முளைக்குமா என்பது அவள் சந்தேகம். இன்னொருவன், "டீச்சர், பெரிய சார் இன்னைக்கு வரமாட்டாராம்" என்றான். தலைமையாசிரியருக்கு ஒன்றியத்தில் கூட்டம். எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. 34 பிள்ளைகள், ஐந்து வகுப்பு. கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் போதும். ஆகவே எங்களுக்கு ஆள் பற்றாக்குறை என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஐந்தை இரண்டால் வகுத்தால் மீதி ஒன்று வரும்; அதை யார் தலையில் கட்டுவது என்று சட்டம் சொல்லவில்லை. கூட்டம், பயிற்சி என்று ஒருவர் போய்விட்டாலோ வகுத்தலுக்கே வேலையில்லை, ஐந்தும் நமக்குத்தான்.

அன்று காலை உணவு பொங்கல். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதற்கு முன்பெல்லாம் இறைவணக்கத்தில் யாராவது ஒரு பிள்ளை மயங்கிச் சரிவதும், ஓடிப்போய்ப் பிடிப்பதும் எனக்குப் பழகியிருந்தது. இப்போது யாரும் சரிவதில்லை. பத்து மணிக்குப் பொங்கல் தன் வேலையைக் காட்டும், அவ்வளவுதான். தூங்குகிறவர்களைப் பார்த்துக் கோபப்படவும் மனம் வருவதில்லை.

வருகையைச் செல்போனில் ஏற்ற வேப்பமரத்தடிக்குத்தான் போகவேண்டும். அங்கேதான் சிக்னல். நான் மரத்தடியில் நிற்கும் ஐந்து நிமிடத்தில் உள்ளே ஒரு பென்சில் உடைந்து, ஒரு சட்டைப் பொத்தான் பிய்ந்து, முறைத்தது யார் என்ற வழக்கு மூன்று சாட்சிகளோடு காத்திருக்கும்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். மனசுக்குள் அவனுக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'அணில்ப்பா'. படத்தோடு அட்டையைக் காட்டினால் கணீரென்று 'அணில்' என்பான். படத்தை மறைத்து அ-வை மட்டும் காட்டினாலும் அணில்தான். 'அப்பா' என்று எழுதிக் காட்டினேன் ஒருநாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு 'அணில்ப்பா' என்றான். பாடப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் சரியாக ஒப்பிப்பான். எல்லாம் காதால் பிடித்தது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருக்கிறார்கள். ரசனையுள்ள யாரோதான் பெயர் வைத்திருக்க வேண்டும். இவன் அரும்பு. அன்று காலையும் படத்தைப் பார்த்து ஊகித்தான். ஐந்து வகுப்பின் எரிச்சலையும் சேர்த்து அவன்மேல் கொட்டினேன். "ஊகிக்காதடா, எழுத்தப் பாருடா!" கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்பே திரும்பிப் பார்த்தது.

மதியம் சாப்பாட்டு வரிசை. முட்டையை எண்ணி முடித்துத் திரும்பினால், அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தட்டின் விளிம்பில் விரலை வைத்து ஊர்ந்துகொண்டிருந்தான். பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டித் தருவார்களே, அது.

"ப... ழ..."

நான் மூச்சுக்காட்டாமல் நின்றேன். மூன்றாவது எழுத்தில் விரல் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். பழைய 'னா'. ன-வுக்குப் பக்கத்தில் துணைக்கால் கிடையாது. கடைசிக் கோடே கீழே இறங்கி வாலைச் சுருட்டிக்கொண்டிருக்கும். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது பாடப் புத்தகத்திலிருந்து ணா, றா, னா, லை, னை இவற்றின் பழைய வடிவங்கள் போய்விட்டன. பெரியார் 'குடி அரசு' இதழில் 1935-லேயே தொடங்கிவிட்ட காரியம் அது. பிள்ளைகள் கைக்கு எவ்வளவு சுமை குறைந்தது என்பது எழுதச் சொல்லித் தருகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் தட்டுகளை யாரும் திருத்தவில்லை.

அவன் அந்த எழுத்தைத் தாண்டிப் போனான். "த்... தா... ள்." மறுபடி முதலிலிருந்து வந்தான். திடீரென்று நிமிர்ந்து பார்த்தான்.

"டீச்சர், எங்க அம்மாயி பேரு! பழனாத்தாள்! அப்ப இது 'னா'தான? நீங்க சொல்லித்தரவே இல்ல!"

முன்பின் பார்த்திராத எழுத்தை, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் மூன்று என்று தெரிந்த எழுத்துகளுக்கு நடுவில் வைத்து, அம்மாயி பேரைக் கொண்டு ஊகித்துவிட்டான். காலையில் எதற்காகத் திட்டினேனோ அதே ஊகம்தான். அரும்புக்கு யாரும் கை தட்டுவதில்லை. நான் தட்டினேன், என்ன ஏது என்று தெரியாமல் வரிசையே தட்டியது. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த சமையல் அம்மாவும் கரண்டியை வைத்துவிட்டுத் தட்டினார்.

இந்தச் சந்தோஷம் இரண்டு மணி வரைக்கும்தான்.

வாசலில் ஒருவன் தயங்கி நின்றான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது லாரி ஓட்டுகிறான். ஒன்றாம் வகுப்பில் இருக்கும் அவன் மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வேண்டுமாம். வீட்டு வாசலுக்கே வேன் வருகிற பள்ளியில் பேசி முடித்துவிட்டான். "உங்க மேல ஒண்ணுமில்லீங்க டீச்சர்" என்று மூன்று தடவை சொன்னான். எனக்கும் அவன்மேல் ஒன்றுமில்லை. ஐந்து வகுப்புக்கு ஒரு டீச்சர் நிற்பதை அவனும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதானே பேசினான். சான்றிதழுக்குத் தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும், நாளைக்கு வா என்றேன். ஒருநாள் தள்ளிப்போட்டதில் ஒரு அற்பத் திருப்தி. அந்தப் பெண் பெரிய பிள்ளைகளின் புத்தகத்தைப் பிடுங்கி வாசிக்கிறவள். அவள் போனால் 33.

மூன்று மணிக்கு, மனசைத் தேற்றிக்கொள்ளத்தான், அணில்ப்பாவைக் கூப்பிட்டுப் படமில்லாத அட்டையில் அ-வைக் காட்டினேன்.

"அணில்" என்றான்.

செல்போனில் அவன் நிலை அரும்பு என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தட்டில் வாசித்ததைப் பதிய அதில் இடமும் இல்லை.

மறுநாள் காலை உணவுக்கு நான்கு பிள்ளைகள் வீட்டிலிருந்து பழைய பாத்திரம் கொண்டுவந்தார்கள். எல்லாம் அவன் ஏற்பாடு. இரண்டில் பேரே இல்லை. ஒன்றில் இங்கிலீஷ் எழுத்து. ஒரு சொம்பில் 'கண்ணாத்தாள்' என்று இருந்தது, அதே வால் சுருட்டிய ணா. அதை எல்லோருக்கும் அவனே வாத்தியார் மாதிரி விரல் வைத்துச் சொல்லிக்கொடுத்தான். பழைய 'லை' எங்களுக்கு இன்னும் அகப்படவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் அஞ்சலை, மலையம்மாள் என்று பேர் வெட்டிய பாத்திரம் ஏதாவது கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.