ஒரு வாக்கியத்தை வாபஸ் வாங்குகிறேன்



நீளமான பதிவு. வேலையாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள், ஆனால் படியுங்கள். என்னிடம் இயற்பியல் படித்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். உங்களுக்கு நான் வருடா வருடம் சொல்லிக்கொடுத்த ஒரு வாக்கியத்தை இன்றைக்கு வாபஸ் வாங்கப் போகிறேன்.

போன மாதம் ஐந்து ரதம் போகிற ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். "சார்!" என்று ஒரு சத்தம். சிற்பக்கூடத்திலிருந்து ஒரு ஆள் ஓடி வந்தான். என்னிடம் படித்த பையன். பையன் என்று நான்தான் சொல்கிறேன், அவனுக்கே கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தான். டம்ளரை நீட்டும்போதுதான் பார்த்தேன், வலது உள்ளங்கையில் குறுக்கே ஒரு தழும்பு. உளி பட்டதா என்று கேட்டேன். "இல்ல சார், ஷாக்கு" என்றான்.

ஐப்பசி மழை நாள். கருங்கல்லைக் கிரைண்டர் வைத்து அறுத்துக்கொண்டிருந்திருக்கிறான். அறுக்கும்போது பிளேடு சூடாகாமல் இருக்கவும் தூசி பறக்காமல் இருக்கவும் தண்ணீர் ஊற்றுவார்கள். கீழே கல் மாவும் தண்ணீருமாகச் சேறு. காலில் செருப்பு இல்லை. வயரில் பழைய ஒட்டு, அதன்மேல் டேப். திடீரென்று கை மெஷினோடு இறுகிவிட்டது. விடவேண்டும் என்று மூளை சொல்கிறது, கை கேட்கவில்லை. கத்த வாய் வரவில்லை. அந்தப் பக்கம் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அவன் மச்சான் யதேச்சையாகத் திரும்பிப் பார்த்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கியதால் பிழைத்தான். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்து இசிஜி எடுத்துப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

"ஏம்ப்பா, படிச்ச பிள்ளை நீ, ஈரத்துல வெறுங்காலோட நிக்கலாமா?" என்றேன். அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: "நீங்கதான சார் சொல்வீங்க, வோல்ட்டேஜ் கொல்லாது, கரண்ட்தான் கொல்லும்னு. இது சின்ன மெஷின், நாலு ஆம்பியர்கூட இழுக்காது, இதுல என்ன கரண்ட் இருக்கப்போவுதுன்னு நெனச்சுட்டேன்."

எனக்கு டீ இறங்கவில்லை.

நான் அந்த வாக்கியத்தைச் சொன்னது உண்மை. பிளாஸ்டிக் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை ஒட்டவைப்பேன், ஞாபகம் இருக்கிறதா? பாலியஸ்டர் துணியைக் கழற்றும்போது சடசடவென்று பொறி வருகிறதே, அங்கே சில ஆயிரம் வோல்ட் இருக்கும், ஆனாலும் நாம் சாகவில்லை, ஆகவே கொல்வது வோல்ட்டேஜ் அல்ல, கரண்ட் என்று முடிப்பேன். வகுப்பு வாயைப் பிளக்கும். எனக்கும் அதில் ஒரு பெருமை. அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. ஆனால் பாதியில் நிற்கிறது. மிச்சப் பாதியை இப்போது சொல்கிறேன்.

மின்னழுத்தம் என்பது தள்ளும் விசை மாதிரி. மின்னோட்டம் என்பது உண்மையில் ஓடுகிற அளவு. நடுவில் மின்தடை. அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம். ஓம் இதை 1827லேயே எழுதி வைத்துவிட்டார். நம் பேச்சுவழக்குதான் இதைக் குழப்புகிறது. "கரண்ட் வந்துடுச்சு" என்கிறோம். வந்தது கரண்ட் அல்ல, வோல்ட்டேஜ். ஸ்விட்சைப் போட்டு ஏதாவது ஒரு பொருள் வழியாகப் பாதை கொடுத்த பிறகுதான் கரண்ட் ஓடும். எவ்வளவு ஓடும் என்பதை அந்தப் பொருளின் தடை முடிவு செய்யும். கிரைண்டர் நாலு ஆம்பியர் இழுப்பது கிரைண்டரின் கணக்கு. அதைப் பிடித்த ஆளின் உடம்பு எவ்வளவு இழுக்கும் என்பது வேறு கணக்கு. அவன் மெஷினின் கணக்கைத் தன் கணக்கு என்று நினைத்துவிட்டான். தப்பு அவன்மேல் இல்லை. நான் ஆம்பியரில் கணக்குப் போடவைத்தேனே தவிர, உடம்புக்கு மில்லி ஆம்பியரே போதும் என்பதை ஒரு நாளும் கரும்பலகையில் எழுதவில்லை.

இப்போது எழுதுகிறேன். ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லி ஆம்பியர். ஒரு மில்லி ஆம்பியர் உடம்பில் ஓடினால் சுருக்கென்று தெரியும். பத்தைத் தாண்டினால் பிடித்த கையை விடமுடியாமல் போகலாம். அமெரிக்காவில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர், தாமாக முன்வந்த ஆட்களை வைத்தே இதை அளந்து பார்த்தார். பிடியை விடமுடிகிற எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று வந்தது. முப்பதுக்கு மேல் மூச்சுத் தசைகள் இறுகும். ஐம்பதிலிருந்து நூறு வரை ஓடினால், ஒரு சில நொடிகளிலேயே இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கலாம். அதன்பின் ரத்தம் போகாது.

"ஏசி இழுக்கும், டிசி தள்ளும்" என்று ஊரில் சொல்வார்கள் அல்லவா? கரண்ட் யாரையும் இழுப்பதில்லை. விரல்களை மடக்குகிற தசைகள், நீட்டுகிற தசைகளைவிட வலுவானவை. எல்லாத் தசைக்கும் ஒரே நேரத்தில் உத்தரவு போனால் மடக்குகிறவை ஜெயிக்கும், கை இறுகும். பழைய எலக்ட்ரீஷியன்கள் புறங்கையால் தட்டிப் பார்ப்பது இதனால்தான். அதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம்.

இப்போது வகுத்தல் கணக்கு. உலர்ந்த தோலில் மல்டிமீட்டரை வைத்தால் லட்சம் ஓம் வரைகூடக் காட்டும். 230ஐ ஒரு லட்சத்தால் வகுத்தால் 2.3 மில்லி ஆம்பியர், பயமில்லை என்று தோன்றும். ஆனால் மல்டிமீட்டர் வைப்பது சில வோல்ட்தான். 230 வோல்ட் வரும்போது தோலின் தடையே உடைந்து சரிந்துவிடுகிறது. இறுக்கிப் பிடித்த கை, ஈரமான கால் என்றால் மொத்த உடம்புக்கும் சுமார் ஆயிரம் ஓம்தான். 230ஐ ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள். 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். மேலே சொன்ன வரிசையில் அது எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள். ஆக, வோல்ட்டேஜ் இரண்டு வேலை செய்கிறது. தள்ளுவதும் அதுதான், தடுக்கிற தோலை உடைப்பதும் அதுதான். அதைப்போய் "கொல்லாது" என்று நற்சான்று கொடுத்து அனுப்பியிருக்கிறேன். சீப்புப் பொறியில் பிழைத்தது, அங்கே சேர்ந்திருந்த மின்னூட்டம் மிகக் கொஞ்சம், கண் சிமிட்டும் முன் தீர்ந்துவிடும் என்பதால். நம் தெரு டிரான்ஸ்ஃபார்மர் அப்படித் தீராது.

அப்படியானால் நாமெல்லாம் சின்ன வயதில் ஷாக் வாங்கி எப்படிப் பிழைத்தோம்? செருப்பு, உலர்ந்த தரை, விரல் நுனி மட்டும் பட்டது, சட்டென்று உதறியது. இவையெல்லாம் பாதையில் சேர்ந்த கூடுதல் தடையும் குறைந்த நேரமும். அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம்.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். மொட்டைமாடித் தொட்டியை வைத்து மின்னழுத்தம் நடத்துவேன். உயரத்தில் தொட்டி இருந்தால் அழுத்தம், குழாயில் வருவது ஓட்டம் என்று. நல்ல உவமைதான். ஆனால் குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் கொட்டும், வெட்டிவிட்ட வயரின் முனையிலிருந்து கரண்ட் கொட்டாது. அது புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிப் போக வழி வேண்டும். கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு ஒன்றும் ஆகாததும் அதனால்தான். நமக்கு மட்டும் ஏன் ஆகிறது? 11,000 வோல்ட்டை 230ஆக இறக்குகிற டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலைப் பூமியோடு இணைத்திருக்கிறார்கள். ஆகவே நாம் நிற்கிற தரையே திரும்பிப் போகும் பாதை. அந்தச் சிற்பியின் வெறுங்காலும் கல் சேறும் சேர்ந்து அந்தப் பாதையைப் போட்டுக் கொடுத்தன.

மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9 ராத்திரி நம் ஊர்ப் பக்கமாகத்தான் கரையைக் கடந்தது. மறுநாள் காலை மரமும் கம்பியும் கிடந்த தெருவில் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். "கரண்டே இல்லையே தாத்தா" என்றான் ஒருவன். ஊருக்கு எப்போது லைன் விடுவார்கள் என்று தெருவுக்குத் தெரியாது. யாராவது ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தாலும் கம்பி உயிரோடு இருக்கும். அறுந்து விழுந்த கம்பியைத் தொட வேண்டியதுகூட இல்லை. அது கிடக்கிற இடத்தில் தரையிலேயே மின்னழுத்தம் அதிகம், தள்ளிப்போகப் போகக் குறையும். எட்டு வைத்து நடந்தால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் நடுவே அந்த வித்தியாசம் உடம்பில் ஏறும். மாடுகள் சட்டென்று விழுவது அவற்றின் முன்காலும் பின்காலும் தள்ளித் தள்ளி இருப்பதால். அருகில் மாட்டிக்கொண்டால் இரண்டு பாதத்தையும் ஒட்டவைத்து, தரையிலிருந்து தூக்காமல் தேய்த்துத் தேய்த்து விலகுங்கள். மின்னகம் எண் 94987 94987, போனில் போட்டு வையுங்கள்.

உயர் அழுத்தக் கம்பி வேறு விஷயம். 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் போனார்களே. அந்த அழுத்தத்துக்கு முன்னால் ஈர மரம், செருப்பு எதுவும் தடையே இல்லை. யாராவது மாட்டிக்கொண்டால் குச்சியோடுகூடக் கிட்டே போகக் கூடாது. லைனை நிறுத்தச் சொல்வது ஒன்றுதான் வழி.

வீட்டுக்கு வருவோம். எம்சிபி இருக்கிறதே என்பீர்கள். அது வயர் எரியாமல் இருக்க வைத்தது. 16 ஆம்பியர் எம்சிபிக்கு உங்கள் உடம்பில் ஓடுகிற 0.23 ஆம்பியர் ஒரு 50 வாட் பல்பு மாதிரித்தான் தெரியும். பல்பு எரிகிறது என்று பேசாமல் இருக்கும். எர்த்தாவது காப்பாற்றுமா? நம் கடற்கரை மணலில் அதுவும் சந்தேகம். கோடையில் காய்ந்த மணலில் எர்த் பிட்டின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230ஐ 20ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி விழாது, மெஷினின் இரும்பு உடம்பு மின்சாரத்தோடு அப்படியே நிற்கும். உப்புக் காற்று கிளாம்பை வேறு தின்றுவிடும். நம் ஊரில் எத்தனை வீட்டில் எர்த் கம்பி துருப்பிடித்துத் தனியாக ஆடிக்கொண்டிருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா?

இதற்குத்தான் ஆர்சிசிபி. பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் யார் வழியாகவோ 30 மில்லி ஆம்பியர் தரைக்குப் போய்விட்டால், நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் லைனை வெட்டிவிடும். ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால் மட்டும் அதற்குத் தெரியாது, உங்களையும் பல்பு என்றே நினைக்கும்.

யாராவது ஷாக்கில் மாட்டினால் முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால், வீட்டு லைன் என்றால் மட்டும், உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளுங்கள். பாசத்தில் கையைப் பிடித்து இழுத்தால் இரண்டு பேர். 108க்குப் போன். ஆள் அசையாமல், சரியாக மூச்சு விடாமல் கிடந்தால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குலம் இறங்கும்படி அழுத்திக்கொண்டே இருங்கள். இந்த முறை வந்ததே ஷாக் ஆராய்ச்சியிலிருந்துதான். வில்லியம் கௌவென்ஹோவன் என்ற எலக்ட்ரிக்கல் இன்ஜினியர், மின்சாரம் தாக்கி இதயம் எப்படி நிற்கிறது என்று ஆராயப் போய், 1960இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சகாக்களோடு சேர்ந்து இதை வெளியிட்டார். அவர் டாக்டரே அல்ல.

அன்றைக்கு டீ முடிந்து எழுந்தபோது அந்தப் பையன் கேட்டான்: "சார், உங்க வீட்ல ஆர்சிசிபி இருக்கா?" வீட்டுக்கு வந்து போர்டைத் திறந்து பார்த்தேன். இல்லை. இயற்பியல் வாத்தியார் வீடு!

ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்து மாட்டினார். அவரும் என் மாணவர்தான். மாட்டியதும் நிற்கவில்லை, விழுந்துகொண்டே இருந்தது. மட்டமான ஐட்டம் என்று நான் சொல்ல, அவர் பதில் பேசாமல் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிக்கொண்டே போனார். பின்கட்டில் இருந்த வாஷிங் மெஷினைக் கழற்றியதும் நின்றது. உள்ளே ஒரு வயர் எலி கடித்து, தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. அந்த பிளக் பாயிண்டுக்கு எர்த்தே கொடுக்கவில்லை.

"லேசா சுர்ருங்குதுன்னு ரெண்டு வருஷமா சொல்றேன்" என்றாள் வீட்டம்மா, எலக்ட்ரீஷியனைப் பார்த்து. "ஈரக் கையோட தொடாதேன்னு சொல்லிட்டுப் பேப்பர் படிக்கப் போயிடுவார் உங்க சார்."