ரூட்டு தல, கொஞ்சம் கேளு தம்பி

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு டீக்கடையில் நேற்று ஒரு தம்பியைப் பார்த்தேன். கல்லூரி இரண்டாம் ஆண்டு. டம்ளரை இடது கையில் பிடித்திருந்தான். வலது உள்ளங்கையில் நான்கு தையல். "ரூட்டு பிரச்சனைணா" என்றான், அவ்வளவுதான். கண் மட்டும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

கல்லூரி மாணவர்கள் தங்கள் ரூட்டு பஸ்ஸில் கூட்டமாக ஏறி ஆடிப்பாடும் பஸ் டே கொண்டாட்டத்துக்கு 2011-லேயே சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகும், எந்த பஸ், ரயில் ரூட்டில் வருகிறோம் என்பதை வைத்து மாணவர்கள் அணி சேர்ந்து அடித்துக்கொள்ளும் ரூட்டு மோதல் ஓயவில்லை. 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் உயிரிழந்தார். அவரும் யாரோ ஒரு தாயின் நம்பிக்கை.

நம் பிள்ளைகளில் பலர் குடும்பத்திலேயே முதல் பட்டதாரிகள். புது இடத்தில் "நம்ம ஏரியா பையன்" என்று தோளில் கை போடும் சீனியர், அதாவது அந்த ரூட்டின் "தல"தான் அவர்களுக்குத் துணை. அந்தப் பாசம் தப்பில்லை. அதைக் கத்தி பக்கம் திருப்பியதுதான் தப்பு. அதே சீனியர் அரியர் பேப்பருக்குச் சொல்லிக்கொடுக்கலாம், ஸ்காலர்ஷிப் ஃபாரம் நிரப்பித் தரலாம், தூக்கமில்லாமல் தவிப்பவனிடம் "என்னடா ஆச்சு?" என்று கேட்கலாம்.

மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்கு போன் பண்ணுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண், 24 மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம்.

படித்து முடித்த அண்ணன்களே, அக்காக்களே, வாரத்தில் ஒரு மணி நேரம் உங்கள் தெருப் பிள்ளை ஒருவனோடு உட்காருங்கள். அவன் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.